புரட்டாசிக்கு முகவரி இல்லை

எங்கள் வீட்டில் யாராவது என்னைக் கொஞ்ச வேண்டுமென்றால் முதலில் நான் ஏதாவது ஒரு வண்டியில் அடிபட்டிருக்க வேண்டும். அப்படி அடிபட்டாலும் இரண்டு காலோடு அடிபட்டால் போதாது. நாலு கால் வேண்டும், முடிந்தால் ஒரு வாலும். நாலாம் வகுப்பில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பு இருக்கும் திசையைக் கண்ணால் காட்டினாள். அன்று சாயங்காலமே இடுப்பில் அடிபட்ட ஒரு பூனைக்கு அதன் மாத்திரையைப் பொடித்து, தேனில் குழைத்து, மடியில் படுக்கவைத்து, "என் கண்ணுல்ல, என் ராஜாத்தில்ல" என்று ஊட்டினாள். பூனை அவள் கையைப் பிறாண்டியது. நானாக இருந்தால் பிறாண்டியிருக்க மாட்டேன் என்பதை அவளிடம் யார் எடுத்துச் சொல்வது?

ஆந்திராவில், திருப்பதி போகிற வழியில் இருக்கும் புத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. நைனா, அதாவது அப்பா, புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ் ஓட்டினார். அந்த ரோட்டில் வருகிற கார்களுக்கெல்லாம் ஏழுமலையானை உடனே பார்த்தாக வேண்டிய அவசரம் எப்போதும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் அந்த அவசரம் புரிவதில்லை, நிதானமாகக் குறுக்கே வரும். அடிபட்டுக் கிடப்பதை நைனா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பார்ப்பார். பஸ்ஸை நிறுத்த முடியாது, அறுபது பேர் கத்துவார்கள். கண்டக்டரிடம் சொல்வார். கண்டக்டர் தெலுங்குக்காரர், நைனாவோடு பல வருட ஜோடி, நாயைக் கண்டால் படிக்கட்டிலிருந்து மேலே ஏறி நின்றுகொள்கிற ஆள். ஆனாலும் டிக்கெட் கிழிக்கிற கையாலேயே போனை எடுத்து அம்மாவுக்குத் தந்தி அடிப்பதுபோல் சொல்வார்: "வதினா! வடமாலபேட்டை தாட்டினா மூணாவது புளியமரம். எடம பக்கம். குக்க. பின்காலு." வதினா என்றால் அண்ணி, எடம என்றால் இடது, குக்க என்றால் நாய்.

அம்மா அடுப்பை அணைப்பாள், டி.வி.எஸ்.ஸைக் கிளப்புவாள். வண்டியின் பின்னால் தக்காளி மண்டியிலிருந்து வாங்கிய நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கயிற்றால் கட்டியிருக்கும். அதுதான் எங்கள் ஆம்புலன்ஸ்.

வருகிற பிராணிகளுக்கு எங்கள் வீட்டில் செல்லப் பெயர் வைப்பதில்லை. கிடைத்த இடம்தான் பெயர். "பெட்ரோல் பங்குக்குக் கட்டு பிரிச்சாச்சா?", "டோல்கேட் ராத்திரியெல்லாம் வாந்தி", "டேய், மூணாவது புளியமரம் உன் செருப்பத் துன்னுது பாரு!" என்றெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து குரல் வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

முகவரியையே பெயராக வைத்ததற்குக் காரணம் உண்டு. குணமானதும் எங்கிருந்து எடுத்தோமோ அதே இடத்தில், அதே மரத்தடியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். இது அம்மாவின் சட்டம். "அதுக்குன்னு ஒரு தெரு கீது, நாலு சிநேகிதம் கீது. இன்னாடா ஆளக் காணோம்னு தேடாது?" என்பாள். நான் அதுவரை ஒரு கீரிப்பிள்ளை, இரண்டு பூனைகள், மூன்று நாய்கள், பறக்க முடியாத ஒரு காக்கை ஆகியோரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மனு கொடுத்திருந்தேன். எல்லாம் தள்ளுபடி. காக்கைக்காக ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அம்மா என் பங்குச் சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டாள்.

புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரின் போன் வந்தது. வடமாலபேட்டைக்கு முன்னால், ரோட்டோரம் மஞ்சள் துணிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு நாய். பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் டி.வி.எஸ்.ஸின் முன்னால் நின்றுகொண்டு போனேன்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் அந்த மாதம் முழுக்க எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, வெறுங்கால். பத்துப் பதினைந்து பேர் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நைனா வயதுக்காரர் ஒருவர், துளசி மாலையோடு, மடியில் செம்பட்டை நிற நாயொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் துண்டைக் கிழித்து நாயின் நாலு பாதத்துக்கும் சுற்றியிருந்தார். தார் ரோட்டில் நடந்து பாதமெல்லாம் கொப்புளம். போதாதற்கு ஒரு பைக் பின்காலில் இடித்துவிட்டுப் போயிருந்தது.

"இன்னாமா, பொழச்சிக்குமா?" என்றார்.

அம்மா நாயின் வாயைத் திறந்து பார்த்தாள். "நாக்கு ஈரமா கீதுணா. பொழச்சிக்கும்."

"எங்க கூடயே நடந்துகினு வந்துச்சிமா. நான் ஒக்காந்தா ஒக்காரும், நடந்தா நடக்கும். பஜன பாடுனா மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கும்."

கூட்டத்தின் குருசாமி அதற்குள் எழுந்து நின்று, வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று கோவிந்தா போட ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் இரண்டு கையும் ரத்தமும் மருந்துமாக நாயின் காலோடு இருந்தன. அந்த ஆள் கற்பூரப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, யாரிடமோ பேனா வாங்கி ஒரு போன் நம்பரை எழுதி என்னிடம் நீட்டினார்.

"ராஜா, இத்த அம்மாகிட்ட குடுத்துடு. போன் பண்ணச் சொல்லு. மறந்துடாத, இன்னா?"

நான் தலையாட்டினேன். அட்டை என் டவுசர் பாக்கெட்டுக்குள் போனது. அவர் நாலு முறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து போனார். எனக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. இது அவருடைய நாய். மலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொள்வார். அதற்குத்தான் நம்பர்.

கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் நைனா அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி என்னைக் கெடுத்துவிட்டது.

"எந்த ஊர் நாயாம்?"

"தெரில."

"அட்ரஸ் கேக்காம கொண்ணாந்தியா? நாளைக்கி எங்க கொண்டுபோயி உடுவ?"

"கை ரெண்டும் ரத்தம். அந்த நேரத்துல அட்ரஸ் கேப்பனா, ரேஷன் கார்டு கேப்பனா?"

என் மனதில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. முகவரி இல்லாத நாய்! எங்கள் வீட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று கீரிப்பிள்ளை காலத்தில் நான் கனவுகூடக் கண்டதில்லை. கொண்டுபோய் விட இடம் தெரியாவிட்டால் விட முடியாது. விட முடியாவிட்டால் வீட்டில்தான் இருக்க வேண்டும். அட்டையை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினேன். மறுநாள் கணக்கு வகுப்பில் பாக்ஸைத் திறந்ததும் கோயில் வாசனை வந்தது. பக்கத்துப் பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதன் பிறகு அட்டை பாக்கெட்டிலேயே இருந்தது. நான் டவுசர் மாற்றினால் அதுவும் டவுசர் மாற்றும்.

முகவரி கிடைக்காததால் நாய்க்கு மாதத்தின் பெயரே நிலைத்தது. புரட்டாசி.

அந்தப் பெயரோடு ஒரு தர்மசங்கடமும் சேர்ந்து வந்தது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பெருமாள் மாதம். இந்த நேரம் பார்த்து நகரியில் பவர்லூம் ஓட்டுகிற சித்தப்பா லீவில் வந்திருந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டிக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஜனங்கள் எங்கள் ஊருக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். புத்தூரில் பிறந்தவன் எவனுக்கும் அது ரத்தத்திலேயே உண்டு என்பது சித்தப்பாவின் எண்ணம். மூங்கில் பத்தை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அண்ணி, ரெண்டு முட்ட குடுங்க, வெள்ளக் கருவு தடவணும்" என்றார்.

"பெருமாள் மாசத்துல முட்டயா? ஊட்டுக்கு வெளிய போயிப் பேசு!"

வெளியே போய்த்தான் கட்டினார். நாய் வெள்ளைக் கருவை நக்கியது. பிறகு துணியை நக்கியது. பிறகு மூங்கில் பத்தையை உருவி, இரண்டாகக் கடித்து, சித்தப்பாவின் முன்னாலேயே வைத்தது. அடுத்த நாள் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் எலும்பு முறியவில்லை, சதைதான் நசுங்கியிருக்கிறது என்று ஊசி போட்டு, தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார். அம்மா புரட்டாசியைச் சொன்னாள். "பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறன், நீ முட்டயக் குடுமா" என்றார் அவர்.

அதனால் குளியலறைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய பெயின்ட் டப்பாவில் தினம் ஒரு முட்டை வேகும். உரித்து நாய்க்கு ஊட்டுவது என் வேலை. மாதம் பிறந்ததிலிருந்து உருளைக்கிழங்கும் பருப்புமே தின்ற ஒரு பையனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே நாயும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். மஞ்சள் அதற்கு, வெள்ளை எனக்கு. நாய் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தெருவில் இருந்த என் இரண்டு கால் சிநேகிதர்கள் யாருக்கும் இந்த குணம் கிடையாது. ஒரு பாவத்தைச் சேர்ந்து செய்கிறவர்களுக்குள் வருகிற பாசம் வேறெதிலும் வராது என்பதை நான் அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

பத்து நாளில் நாய் நொண்டிக்கொண்டே என் பின்னால் ரயில்வே கேட் வரை வர ஆரம்பித்தது. எனக்குப் பயமும் ஆரம்பித்தது. மலையிலிருந்து திரும்புகிறவர்களின் வேன்களும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஜன்னலில் மஞ்சள் துணி தெரிந்தால் போதும், நாயை இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு நாள் மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அது வேறு யாரோ.

இப்படியே பயந்துகொண்டிருக்க முடியாது, விஷயத்தை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெட்டிக்கடையில் அப்போது சிவப்பு நிறக் காயின் போன் ஒன்று தொங்கும். ஒரு ரூபாய்க்கு ஒரு நிமிஷம். இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டு போனேன்.

"அலோ, யாருப்பா?"

"நான் புத்தூர்... நாய எட்த்துக்கினு வந்த டி.வி.எஸ். அம்மா பையன்."

"அட, சொல்லு ராஜா! உன் போனத்தான் பாத்துகினே கீறன். எப்டி கீது?"

"செத்துப்போச்சி."

ரிசீவரை ஒரு முறை தட்டிப் பார்த்தேன். போன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"எப்ப?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. சனிக்கிழமை என்றால் புண்ணிய நாள், ரொம்ப அதிகம். "வியாழக்கெழம" என்றேன்.

"கஷ்டப்பட்டுச்சா?"

"இல்ல. தூங்கிகினே..."

"கடைசில தண்ணி கிண்ணி குடிச்சிச்சா, ராஜா?"

பீப் பீப் என்றது. நிமிஷம் முடியப்போகிறது, இன்னொரு ரூபாய் போடு என்று அர்த்தம். இன்னொரு ரூபாய் என் கையிலேயே இருந்தது. நான் போடவில்லை. லைன் அறுந்தது. அந்த ரூபாய்க்கு அதே கடையில் தேன் மிட்டாய் வாங்கித் தின்றேன். எப்போதும்போல இனிப்பாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்று சாயங்காலம் முட்டையில் நான் பங்கு கேட்கவில்லை. முழு முட்டையையும் நாய்க்கே கொடுத்தேன். அது வெள்ளையைத் தின்னாமல், எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தது.

நாலாவது சனிக்கிழமைக்கு முந்தைய நாள் நாய் நொண்டுவதை அடியோடு நிறுத்திவிட்டது. நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அது கேட்கவில்லை, கோழி துரத்தியது. எங்கள் வீட்டில் கோழி துரத்தினால் டிஸ்சார்ஜ் என்று அர்த்தம்.

சாப்பாட்டு நேரத்தில் விவாதம் ஆரம்பமானது. எடுத்த இடத்திலேயே, வடமாலபேட்டைக்கு முன்னால் விட்டுவிடலாம் என்றார் நைனா. அங்கே அதற்கு யாரைத் தெரியும், அது நடுவழிதானே, அது கிளம்பிய ஊர்தான் அதன் ஊர் என்றாள் அம்மா. அந்த ஊர் எது என்பதுதான் தெரியவில்லை. நான் வெற்றிப் புன்னகையை அடக்கிக்கொண்டு சாம்பாரைப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"அண்ணி, அது எங்கேர்ந்து வந்துச்சின்னு ஏன் பாக்கறீங்க? எங்க போயிகினு இருந்துச்சின்னு பாருங்க. மலைக்கிப் போயிகினு இருந்துச்சி. பாதி வழில நாம இஸ்துகினு வந்துட்டோம். வேண்டுதல் கொற நிக்கிது."

"நாய்க்கு இன்னாடா வேண்டுதல்?" என்றார் நைனா.

"அத்த நீ எப்டிணா சொல்ல முடியும்? கால் புண்ணாகி நடந்துச்சே, நீ நடப்பியா? நீ பஸ்ல போற ஆளு."

நைனா இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார். புரட்டாசி மாதத்தில், பெருமாள் பெயரைச் சொல்லி யார் எது சொன்னாலும் அம்மா தலையாட்டிவிடுவாள். மறுநாள் அலிபிரியில், மலைப்படி தொடங்குகிற இடத்தில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அந்தக் கூட்டத்து ஆட்கள் யாராவது கண்ணில் பட்டாலும் படலாம். இல்லாவிட்டால் அது தன் வழியே ஏறிப் போகட்டும்.

நான் மாட்டிக்கொண்டேன். அட்டையைக் காட்டினால் நாய் அந்த ஆளுக்குப் போய்விடும். காட்டாவிட்டால் திருப்பதிக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் எனக்கில்லை. அதோடு, அந்த ஆளைப் பொறுத்தவரை நாய் வியாழக்கிழமையே காலமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை நைனாவின் பஸ்ஸிலேயே போனோம். கடைசி சீட்டில் அம்மா, சித்தப்பா, நான். காலடியில் தக்காளிப் பெட்டி, அதன்மேல் ஒரு கோணி. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கு மூன்று சீட்டு முன்னாலேயே நின்று, கையை நீட்டி எட்டிக் கொடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. "வதினா, தக்காளி அரிச்சிந்தா ஏமி?" என்று, தக்காளியா கத்தியது என்பதுபோல் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முன்படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

திருப்பதியில் இறங்கி ஆட்டோ பிடித்து அலிபிரி போனோம். எங்கு பார்த்தாலும் மஞ்சள். ஆயிரக்கணக்கான மஞ்சள் வேட்டிகள், மஞ்சள் சேலைகள், முதல் படிக்குக் கற்பூரம் ஏற்றுகிறவர்கள், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கிறவர்கள். அம்மா நாயை இறக்கி, கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். "போ, உன் ஜனங்கள எங்கனா பாரு" என்றாள்.

நாய் உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, ஒரு மஞ்சள் வேட்டியை மோந்து பார்த்தது. தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தது. அடுத்த வேட்டிக்குப் போனது. மோந்தது, முகத்தைப் பார்த்தது. அடுத்தவர். அடுத்தவர். ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குள் போனது.

"யாரையோ தேடுது பாரு," என்றாள் அம்மா, மெதுவாக.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதேன். மூக்கு ஒழுக, பாக்கெட்டிலிருந்து கற்பூர அட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டி, நம்பரைச் சொன்னேன், காயின் போனைச் சொன்னேன், வியாழக்கிழமையைச் சொன்னேன். வாய் திறந்த வேகத்தில் முட்டையின் வெள்ளையையும் சொல்லிவிட்டேன். அதை யாரும் கேட்கவே இல்லை.

"அடப்பாவி! உயிரோட கீற நாய்க்கி சாவு சேதி சொன்னியாடா?" என்று சித்தப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்.

சரியாக அந்த நேரத்தில் நாய் தேடியது கிடைத்துவிட்டது. மண்டபத்தோரம் ஒருவர் தொன்னையில் தயிர்சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டே இரண்டு தொன்னையைக் காலி செய்தது. அதன் பக்தி அத்தனையும் அந்த வாசனைக்குத்தான். இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அவளுடைய போன் காதில் வைத்தால் தெருவுக்கே கேட்கிற ரகம்.

"அண்ணா, நான் புத்தூர்லேர்ந்து பேசறன். அந்த நாய் சாவலணா. பையன் தப்பா சொல்லிட்டான். நல்லா கீது. தோ, எதுர்ல தயிர்சோறு துன்னுகினு கீது."

அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தெருவில் மூக்கை உறிஞ்சுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"மெய்யாவா சொல்ற?"

"பெருமாள் படியாண்ட நின்னுகினு பொய் சொல்வனா? எப்ப வந்து இட்டுக்கினு போறீங்க?"

"நானா? எங்க?"

"உங்க நாய!"

"அது என் நாய் இல்லியேமா. திருத்தணிக்கி முன்னாலயா, நகரி தாண்டியான்னு தெரில, திரும்பிப் பாத்தா பின்னால வந்துகினு கீது. யார் நாயோ, எந்த ஊர் நாயோ."

அம்மா அட்டையை மறுபடி ஒரு முறை பார்த்தாள். "அப்ப நம்பர் எழுதிக் குடுத்தது?"

"பொழச்சிச்சா இல்லியான்னு தெரிஞ்சிக்கத்தான். ரெண்டு நாள் என் பின்னால வந்துச்சேமா. பையன் சேதி சொன்ன அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல. ஊட்டுக்காரி திட்டறா, மலைக்கிப் போயிட்டு வந்தவன் இப்டி ஒக்காந்துகினு கீறியேன்னு." சிரித்தார், நடுவிலேயே சிரிப்பு நின்றது. "போன அது காதாண்ட கொஞ்சம் வைமா."

அம்மா குனிந்து வைத்தாள். போனுக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. நாய் காதை மட்டும் நிமிர்த்தி, தொன்னையிலிருந்து வாயை எடுக்காமலே வாலை நாலு முறை ஆட்டியது. அது அவருக்கா தயிர்சாதத்துக்கா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அம்மா அவருக்குத்தான் என்று சொன்னாள்.

கடைசியாக அவர் என்னைக் கேட்டார். நான் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், அடி அதன் வழியாகவும் வரலாம் என்ற பயம்.

"ராஜா, தேவல உடு. உயிரோட கீதில்ல, போதும். இன்னா?"

நாங்கள் ஒரு மணி நேரம் அங்கே காத்திருந்தோம். நாய் முதல் படியில் ஏறி, மேலே நிமிர்ந்து பார்த்தது. மூவாயிரத்துச் சொச்சம் படி. இறங்கி வந்து தக்காளிப் பெட்டிக்குள் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டது. வேண்டுதல் தீர்ந்துவிட்டது என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அது அவருடைய நாய் இல்லை. எந்த ஊர் என்றும் யாருக்கும் தெரியாது. அப்படியானால் நான் ஒளித்து வைத்தது ஒன்றுமே இல்லை. சொன்ன பொய்யும் வீண், பட்ட பயமும் வீண், சித்தப்பாவின் அடியும் வீண். ஒரு இடம் மட்டும் உதைத்தது.

"அம்மா, அவரு நாய் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப அவரு ஏன் அழுதாரு? லூசா?"

நாயின் மூக்கில் ஒட்டியிருந்த தயிர்சாதத்தை அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிற மாதிரியும் தெரிந்தது, வேறு எதையோ அடக்குகிற மாதிரியும் தெரிந்தது.

"அது உனக்கு எப்ப புரியுதோ, அதுவரைக்கும் இந்த நாய் நம்ம ஊட்லயே இருக்கட்டும்."

வடமாலபேட்டை வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஜன்மத்தில் எனக்கு அது புரியப்போவதில்லை. புரியாமல் இருப்பதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே நல்ல பெயர் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் அம்மா ஒரு முறையாவது கேட்பாள்: "இன்னாடா, புரிஞ்சிச்சா?" நான் உடனே, "இல்லமா" என்பேன். அவளும் மேற்கொண்டு கேட்க மாட்டாள். நாய் எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் இருந்தது. முதல் ஐந்தாறு வருடம் நான் உண்மையைத்தான் சொன்னேன்.